பன்னிரண்டு நிமிடமும் ஒரு லாரி ஐஸும்

‘டமார்!’ என்று இரும்புக் கதவு அதிர்ந்தது.

தூக்கிய குச்சி தூக்கியபடி நிற்க, டிரம்ஸுக்குப் பின்னால் ஹெப்சிபா அப்படியே உறைந்துபோனாள். வெளியே லாரியின் ஏர் ஹாரன் அலறியது. அது அடங்குவதற்குள் இன்னொரு ‘டமார்!’

“போச்சு” என்றான் பாரி. காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு லேப்டாப் திரையை வெறித்தான். “எட்டு எண்ணணும். அஞ்சு எண்ணியாச்சு. இன்னும் மூணே மூணு! அதுகூட நமக்குக் கொடுத்து வைக்கல.”

ஃபர்ஹான் கிடாரைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. முகத்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தான். “இந்த தபா ஹெப்சி மேல தப்பு இல்ல மாமே. எழுதி வெச்சிக்க. சரித்திரத்துலயே மொத தபா.”

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் சாய்த்திருந்த காலண்டரைப் பார்த்தாள். ஜூன் பன்னிரண்டு. நாளை விடியற்காலை ஃபர்ஹான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். ஏசி மெக்கானிக் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குள் இந்தக் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தாக வேண்டும். இல்லையென்றால் ஆல்பம் இல்லை.

பாட்டு என்று சொன்னால் காசிமேட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் பாடுகிற ஆளே கிடையாது. ஒரு கிடார் மெல்ல ஆரம்பிக்கும். பாரியின் பேஸ் கிடார் கூடச் சேரும். டிரம்ஸ் எங்கோ தூரத்திலிருந்து நடந்து வரும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஏறி ஏறிப் போய், கடைசியில் கரையில் மோதும் அலை மாதிரி மூன்றும் சேர்ந்து உடையும். போஸ்ட் ராக் என்று அதற்குப் பெயர். திருவொற்றியூர் டோல்கேட் டீக்கடையில் பேசி ஆரம்பித்ததால் குழுவுக்கு ‘டோல்கேட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாலு வருடம் மொட்டைமாடியிலும் கல்யாண மண்டபத்துச் சமையலறையிலும் வாசித்துப் பழகி, முதல் ஆல்பத்துக்கு எட்டு உருப்படிகள் தேற்றியிருந்தார்கள்.

பதிவு செய்ய இடம்தான் கிடைக்கவில்லை. வடசென்னையில் சத்தமில்லாத ஓர் அறையை எங்கே போய்த் தேடுவது? கன்டெய்னர் லாரி, ரயில், கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஏதாவது ஒன்று உள்ளே வந்துவிடும். அப்போதுதான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கிடங்கின் ஞாபகம் ஹெப்சிபாவுக்கு வந்தது. சுவர் முழுக்க ஒரு முழக் கனத்துக்குத் தெர்மாக்கோல். கதவை இழுத்துச் சாத்தினால் வெளியே உலகம் இருப்பதே தெரியாது. பின்சுவரில் ஐஸ் தள்ளுகிற ஓட்டை ஒன்று உண்டு, அதையும் சாக்கால் அடைத்துவிடலாம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை மீன்பிடித் தடைக்காலம். ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது. அறுபத்தொரு நாள் அந்தக் கிடங்கு காலியாகக் கிடக்கும்.

கிடங்கின் சூப்பர்வைசர் திருமலை, ஹெப்சிபாவின் அப்பா ஆசீர்வாதத்துக்குப் பழைய தோஸ்து. சாவியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ரமாபாய் அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. கிடங்கு அவுங்களுது. தெரிஞ்சுது, உங்கள வுட்டுடுவாங்க, என்ன இந்தக் கடல்ல தள்ளிடுவாங்க.”

ரமாபாய்க்கு இரண்டு படகுகள். அவற்றில் ஒன்றில்தான் ஆசீர்வாதம் டிரைவர். ஏலக்கூடத்தில் ரமாபாய் குரல் எழும்பினால் மற்றவர்கள் ஏலம் தானாக நின்றுவிடும். அப்படிப்பட்டவரின் கண்ணில் படாமல் இரண்டு மாதமாக டிரம்ஸைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் மீன் கூடைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, ஐஸ் அடுக்கும் மரச்சட்டங்களின் மேல் பரப்பி வாசித்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற தட்டில் எல்லாம், ஐஸ் உருகாமலிருக்கப் போட்ட பழைய உமி பறக்கும். ஃபேன் போட்டால் மைக்கில் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிடுவான் பாரி. ஐஸ் கிடங்குக்குள் மூன்று பேர் வியர்த்து ஊற்றியது உலகத்திலேயே இங்கு மட்டும்தான் நடந்திருக்கும்.

ஏழு உருப்படிகள் முடிந்தன. எட்டாவதுதான் ஹெப்சிபாவின் கழுத்தைப் பிடித்தது. அதன் பெயர் ‘அறுபத்தொன்று’. ஒன்பதாவது நிமிடத்தில் மூன்று பேரும் சட்டென்று நிறுத்த வேண்டும். எட்டு எண்ணும் வரை ஒரு சத்தமும் கூடாது. எட்டு முடிந்ததும் மூவரும் ஒன்றாகப் பாய வேண்டும். அந்த எட்டைத்தான் ஹெப்சிபாவால் தாங்க முடியவில்லை. ஆறிலோ ஏழிலோ கை தானாக இறங்கிவிடும். மைக்குகள் எல்லாம் நண்பர்களிடம் இரவல். பதிவை வெட்டி ஒட்டுவது பாரிக்குப் பிடிக்காத காரியம். ஒவ்வொரு முறையும் “மறுபடி முதல்லேர்ந்து” என்பான். வாரக்கணக்கில் இதே கதை. அந்த எட்டைத் தாண்டி இந்தக் கிடங்குக்குள் அவர்கள் ஒரு முறைகூட வாசித்ததில்லை.

மூன்றாவது ‘டமார்’ கேட்டதும் பாரி போய்த் தாழ்ப்பாளை நீக்கினான். வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. வாசலில் திருமலை நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“ஐஸ் வந்துக்கீது. ஒரு லாரி. காலி பண்ணுங்க, சீக்கிரம்!”

“என்ன சார், தடை முடியறது பதினாலாந்தேதி ராத்திரிதானே?” என்றான் மாதவரத்துப் பாரி.

“தடை அப்பத்தாம்பா முடியும். ஐஸு? போட்டு கெளம்பற அன்னிக்கு வந்து நின்னா எவன் குடுப்பான்? ரெண்டு நாளு முன்னாடியே எடுத்து அடுக்கிக்கணும். இத்தக்கூட நான் சொல்லணுமா? ஆசீர்வாதம் பொண்ணு கூட கீதே, அதுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்!”

ஹெப்சிபாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஒவ்வொரு வருடமும் அப்பா கடலுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதே ஐஸ் லாரிகள் வரிசை கட்டுவதைப் பார்த்தவள்தான். ஆனால் இந்த வருடம் காலண்டரில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஃபர்ஹான் கிளம்பும் பதிமூன்றாம் தேதி மட்டும்தான். பேப்பரில் போட்டிருந்த தேதியை நம்பிய, கடல் தொழில் தெரியாத மாதவரத்துக்காரனை மன்னிக்கலாம். ஒரு போட் டிரைவரின் மகள் இதை மறக்கலாமா?

“அக்கா எங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

திருமலை கண்ணால் பின்பக்கம் காட்டினார். சற்றே நகர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால், இடுப்பில் சொருகிய முந்தானையும் கையில் ஐஸ் கொக்கியுமாக ரமாபாய் நின்றிருந்தார். இவ்வளவு நேரம் கதவை இடித்தது அந்தக் கொக்கிதான்.

அவர் உள்ளே வந்தார். மரச்சட்டத்தின் மேல் பரப்பியிருந்த டிரம்ஸைப் பார்த்தார். தரையில் பாம்பு மாதிரி நெளிந்த வயர்களைப் பார்த்தார். திருமலையைப் பார்த்தார். திருமலை தன் செருப்பைப் பார்த்தார்.

“திருமல.”

“அக்கா.”

“இன்னாது இது?”

“பசங்க... சும்மாதான் கெடக்குதேன்னு... நான் ஒண்ணும்...”

“வாய மூடு.”

ஹெப்சிபா எழுந்தாள். “அவுரு மேல தப்பு இல்லக்கா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க. பத்தே நிமிஷம், எடுத்துகினு போயிடறோம்.” சொல்லிக்கொண்டே சிம்பல் தட்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். விரல் வழுக்கியது. எதிரே ஃபர்ஹான் கிடாரைப் பையில் வைக்கப் போனான். ஏழு உருப்படியோடு வெளியிட்டால் என்ன என்று அவன் நேற்றே கேட்டிருந்தான். கடைசி அலை உடையாத கடலை யார் கேட்பார்கள் என்று அவள்தான் சண்டை போட்டாள்.

“முடிஞ்சுதா?” என்றார் ரமாபாய்.

“இதோக்கா, கழட்டிட்டேன்.”

“கழட்டறத கேக்கல. வாசிக்கறது. வாசிச்சு முடிச்சிட்டீங்களா?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இல்லக்கா. கடைசி ஒண்ணு பாக்கி. இவன் நாளைக்கு மஸ்கட் போறான்.”

“அப்பறம் முடிக்காம எங்க போறீங்க?” ரமாபாயின் குரல் உயர்ந்தது. ஏலத்தில் விலை இறங்கும்போது வருமே, அதே கோபம். “எவ்ளோ நேரம் ஆவும்?”

“பன்னெண்டு நிமிஷம்.”

“அக்கா, வெயிலு கொளுத்துது” என்று திருமலை முணுமுணுத்தார். “ஐஸு உருகும்.”

“ஐஸு என்னுதா, உன்னுதா? போயி தார்ப்பாய இஸ்து மூடு. சாக்க நனச்சி மேல போடு.” ரமாபாய் ஹெப்சிபாவின் பக்கம் திரும்பிக் கொக்கியை நீட்டினார். “ஒரே ஒரு தபா. சொதப்புன, அவ்ளோதான்.”

“தேங்க்ஸ்க்கா...”

“நேரத்த வேஸ்ட் பண்ணாத. குந்து.”

கதவைச் சாத்தப் போன ஹெப்சிபா வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். நடுப்பகல். இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு துறைமுகம் மொத்தமும் எழுந்து உட்கார்ந்திருந்த நேரம். ஒரு பக்கம் படகுப் பலகைகளில் சுத்தியல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் வெல்டிங். யாரோ என்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெர்மாக்கோல் இதைத் தடுக்கும்?

ரமாபாய் கரையில் இறங்கினார்.

“ஏய்! சுத்தியல கீழ வை! லாரிய ஆஃப் பண்ணுடா, காதுல வுழல? பன்னெண்டு நிமிஷம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது!”

“இன்னாக்கா, யாரு செத்தது?” என்று ஒரு படகின் மேலிருந்து குரல் வந்தது.

“நீ சாவப் போற, இப்ப நிறுத்தல!”

சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு சிரிப்பாக முதல் சுத்தியல் நின்றது. அடுத்த படகில் நின்றது. “ஆசீர்வாதம் பொண்ணு ஏதோ ரெக்கார்டு போடுதாம்” என்று மீன் கூடைக்காரப் பெண்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிய சேதி கரையோரமாகவே ஓடியது. அது போன இடமெல்லாம் சத்தம் அணைந்தது. வெல்டிங் நின்றது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. லோடுமேன்கள் நாலு பேர் நனைந்த சாக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஐஸுக்குக் காவல் நிற்பதுபோல நின்றார்கள். கடைசியில் காக்கைகள் மட்டும்தான் பாக்கி.

ஹெப்சிபா கதவைச் சாத்தினாள்.

“போலாமா?” என்றான் பாரி.

ஃபர்ஹான் ஆரம்பித்தான். முதல் நாலு நிமிடம் அவனுடையது. நாளைக்குப் போகிறவனின் அவசரம் எதுவும் அவன் விரலில் இல்லை. பேஸ் சேர்ந்தது. ஹெப்சிபா குச்சிகளுக்குப் பதில் பஞ்சு வைத்த கட்டைகளை எடுத்துத் தூரத்து இடிபோல உருட்டினாள். ஐந்து, ஆறு, ஏழு நிமிடம். உமி பறந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எட்டாவது நிமிடம் குச்சிக்கு மாறினாள். ஒன்பது.

நிறுத்தினார்கள்.

ஒன்று. இரண்டு. எப்போதும் இந்த இடத்தில்தான் அவளுக்குப் பயம் வரும். ஒன்றுமே இல்லாத இடத்தில் தனியாக நிற்கிற மாதிரி. எதையாவது தட்டி நிரப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். மூன்று. நான்கு. இன்று பரபரக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டிய வாயும் நிறுத்திய சுத்தியலுமாக அத்தனை பேர் அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஐந்து. ஆறு. இது அவள் தனியாகத் தாங்க வேண்டிய அமைதி இல்லை. ஊரே சேர்ந்து தூக்கிப் பிடித்திருந்தது. ஏழு. அவளுக்கு அழுகை வந்தது. எட்டு.

மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

கடைசி மூன்று நிமிடம் எப்படிப் போனது என்று பின்னால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சிம்பலின் கடைசி அதிர்வு அடங்கும்வரை பாரி ஒரு விரலைத் தூக்கி வைத்திருந்தான். விரலை இறக்கினான். “வந்துடுச்சு” என்றான்.

ஃபர்ஹான் கிடாரை வைத்துவிட்டு வந்து அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். “எட்டு எண்ணக் கத்துக்கினியே, போதும். நான் நிம்மதியா ஃபிளைட் ஏறுவேன்.”

கதவைத் திறந்தபோது வெளியே யாரும் கைதட்டவில்லை. “ஆச்சா?” என்று லோடுமேன்களில் ஒருவர் கேட்டார். “ஆச்சு” என்றாள். அவ்வளவுதான், சொல்லிவைத்தாற்போல் நூறு சுத்தியல்களும் ஒரே நேரத்தில் இறங்கின. தார்ப்பாயை இழுத்தார்கள். லாரிக்கடியில் தண்ணீர் ஓடை மாதிரி ஓடியது.

அதைப் பார்த்ததும் ஹெப்சிபா வேறெதுவும் யோசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் டிரம்ஸை ஓரங்கட்டிவிட்டு, ஒரு கொக்கியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பாரியும் வந்தான். ஃபர்ஹான் வந்தான்.

“யோவ் மெக்கானிக்கு, கைய வெச்சா வெரலு மரத்துப் போவும். நாளைக்கு மஸ்கட்ல ஸ்க்ரூடிரைவர் புடிக்க வாணாமா?” என்றார் ஒரு லோடுமேன்.

“ஏசி மெக்கானிக்குப்பா நானு. குளுரு நம்ம சொந்தக்காரன்” என்றான் ஃபர்ஹான். சொல்லி வாய் மூடவில்லை, முதல் ஐஸ் பாரோடு சறுக்கி உட்கார்ந்தான். லாரி மேல் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு மணி நேரம் ஐஸ் பார்களைச் சறுக்கி உள்ளே தள்ளி, உமி போட்டு அடுக்கினார்கள். திருமலை மட்டும் ஓரமாக நின்று ஐஸ் பார்களை எண்ணிக்கொண்டிருந்தார். தான் இன்னும் வேலையில் இருக்கிறோமா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. ரமாபாய் அவரிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. சாயங்காலம் டீ வாங்கி வரச் சொன்னபோதுதான் மனிதருக்கு உயிர் வந்தது.

ஆகஸ்ட் மாதம் ஆல்பம் இணையத்தில் வெளியானது. ‘தடைக்காலம்’ என்று பெயர். முதல் வாரம் இருநூறு பேர் கேட்டார்கள். பிறகு பெங்களூருவிலிருந்து ஒருவர் எழுதினார். போலந்திலிருந்து ஒருவர் எழுதினார். அந்த எட்டு எண்ணிக்கை மௌனத்தில் ஒரு காக்கை கத்துவது வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டிருந்தார். மஸ்கட்டில் தொழிலாளர் விடுதியில் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில், ஒரே ஒரு ஹெட்போனை ஆளுக்கு ஒரு உருப்படியாகச் சுற்றவிட்டுக் கேட்டதாக ஃபர்ஹான் போனில் சொன்னான்.

ஹெப்சிபா கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போகும் வழியில், ஒரு சனிக்கிழமை காலை காசிமேட்டில் இறங்கினாள். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ரமாபாய் கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு நிமிஷம். இதப் பாருங்க.”

போனை நீட்டினாள். ஆல்பத்தின் பக்கத்தில் நன்றி என்று போட்டு, அதன் கீழே வரிசையாகப் பெயர்கள். ரமாபாய்க்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. ஹெப்சிபாவே படித்தாள். ரமாபாய். திருமலை. லோடுமேன்கள் நாலு பேரின் பெயர். லாரி டிரைவர். அன்று சுத்தியலைக் கீழே வைத்த படகுகள் ஒவ்வொன்றின் பெயரும்.

“வெல்டிங்காரன்?”

“போட்டுக்கீறேன்க்கா.”

“யாரு செத்தான்னு கேட்டானே ஒருத்தன்?”

“அவன் பேரும் போட்டுக்கீறேன்.”

“அவனுக்கு எதுக்குடி?” என்றவர் சட்னியை வழித்து நக்கிக்கொண்டே சிரித்தார். “சரி, போனா போவட்டும்.”

ஹெப்சிபா அவர் பக்கத்தில் குந்தினாள். இரண்டு மாதமாக மனத்தில் கிடந்ததை இறக்கி வைத்துவிட வேண்டும் போலிருந்தது. “அக்கா, அன்னிக்கு நீங்க மட்டும் வேணான்னு சொல்லியிருந்தா இது இல்ல. எங்கப்பா உங்க போட்ட பதினெட்டு வருஷமா ஓட்டறாரு. அவுரு மொகத்துக்காவத்தான் நீங்க வுட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

ரமாபாய் கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கப்பனுக்காவா? அட போடி, தொழிலு இல்லாம கெடந்த ரெண்டு மாசமும் கிடங்குக்குப் பின்னால, ஐஸு தள்ற ஓட்டையாண்டதான் குந்திகினு இருந்தேன்; தெனிக்கும் அதே எடத்துல வந்து வந்து நிறுத்திப்புட்டு, அப்பால இன்னா ஆவுதுன்னு தெரியாம என்ன தூங்கவுடாம பண்ணீங்களே, அதுக்காவத்தான்!”